ஜீனைத் திருத்தலாமா என்று கேட்பதற்கு முன்னால்

உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு இன்சுலின் குப்பியோ பேனாவோ இருக்க வாய்ப்பு அதிகம். சென்னையில் அப்படி ஒரு வீடுகூட இல்லாத தெருவைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த மருந்தைத் தயாரித்தது, மனித ஜீன் சேர்க்கப்பட்ட ஒரு பாக்டீரியா, இல்லாவிட்டால் ஈஸ்ட். அதாவது ஜீன்களில் கை வைக்கலாமா கூடாதா என்று நாம் வாதம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே, ஜீன் மாற்றப்பட்ட ஒரு உயிர் செய்த பொருளைத் தினமும் வயிற்றில் குத்திக்கொண்டுதான் இருக்கிறோம். அதை யாரும் தப்பு என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ஆகவே 'ஜீனை மாற்றுவது சரியா, தப்பா' என்பது ரொம்பப் பொத்தாம்பொதுவான கேள்வி. அதை அப்படியே வைத்துக்கொண்டு பேசினால், கடவுள் வேலையில் கை வைக்கிறார்கள் என்று ஒரு பக்கமும், விஞ்ஞானத்தைத் தடுக்காதீர்கள் என்று இன்னொரு பக்கமும் சத்தம் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவோம். எனக்கு உதவியாக இருக்கிற கேள்வி இதைவிடச் சின்னது. இதே பலன் கிடைக்க வேறு வழி இருக்கிறதா? கீழே வரும் ஒவ்வொரு விஷயத்திலும் அதைத்தான் கேட்டுப் பார்க்கப்போகிறேன்.

முதலில் அடிப்படை. நம் உடம்பில் கிட்டத்தட்ட எல்லா செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீளமான மூலக்கூறு இருக்கிறது. அதில் ஏ, டி, ஜி, சி என்று நான்கே நான்கு வேதிப்பொருள்கள் மாறி மாறி வரிசையாக நிற்கின்றன. அவற்றை எழுத்துகள் என்று சொல்வது வழக்கம். அம்மாவிடமிருந்து ஒரு செட், அப்பாவிடமிருந்து ஒரு செட், ஒரு செட்டுக்குச் சுமார் 300 கோடி எழுத்து. இந்த வரிசையில் ஒரு புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்ற தகவல் இருக்கிற துண்டுதான் ஜீன், மரபணு. மனிதனுக்கு அப்படிச் சுமார் 20,000 ஜீன் உண்டு. பாக்டீரியாவில் தொடங்கி வாழைமரம், யானை, மனிதன் வரை இந்த எழுத்துகளைப் படித்துப் புரதம் செய்கிற முறை ஏறக்குறைய ஒன்றேதான். அதனால்தான் மனித இன்சுலின் ஜீனைக் கொண்டுபோய் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தால் அது மனித இன்சுலினையே செய்து தருகிறது. 1978-இல் ஆய்வகத்தில் இதைச் செய்துகாட்டினார்கள், 1982-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு இன்சுலின் வந்தது பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்து.

இந்தத் துறை தொடங்கிய வேகத்திலேயே விஞ்ஞானிகளுக்குப் பயமும் வந்தது. 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் கூடி, எந்தெந்தச் சோதனையை எவ்வளவு பாதுகாப்போடு செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் சில வகைச் சோதனைகளை அவர்களாகவே நிறுத்தியும் வைத்திருந்தார்கள். விஞ்ஞானிகள் என்றாலே கண்மண் தெரியாமல் ஓடுகிறவர்கள் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்சுலின் காலத்து முறையில் ஒரு ஜீனை உள்ளே வைக்கலாம், ஆனால் ஏற்கெனவே இருக்கிற ஜீனில் குறிப்பிட்ட ஓர் இடத்தைப் போய்த் திருத்துவது பெரிய பாடு. முடியாமல் இல்லை, செலவும் காலமும் எக்கச்சக்கம். அதை மாற்றியதுதான் கிரிஸ்பர், டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டுகிற ஒரு கருவி. 1987-இல் ஜப்பானில் யோஷிசுமி இஷினோவின் குழு ஈ.கோலையின் டி.என்.ஏ.வில் ஒரே மாதிரி துண்டு இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தது, அது எதற்கு என்று அப்போது தெரியவில்லை. பின்னால் ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ மொஹிகா, அந்த இடைவெளிகளில் இருப்பது வைரஸ்களின் டி.என்.ஏ. துண்டுகள் என்று கண்டுபிடித்தார். பாக்டீரியாவையும் வைரஸ் தாக்கும். தாக்கிய வைரஸின் ஒரு துண்டைப் பாக்டீரியா தன் டி.என்.ஏ.வில் சேர்த்து வைத்துக்கொள்கிறது, அதே வைரஸ் மறுபடி வந்தால் அந்தத் துண்டை வைத்து அடையாளம் கண்டு வெட்டிவிடுகிறது. 2007-இல் தயிர் வகைகளுக்குப் பயன்படும் ஒரு பாக்டீரியாவில் இது சோதனை மூலமாகவே நிரூபணமானது. 2012-இல் ஜெனிஃபர் டவுட்னா, இமானுவேல் ஷார்பென்டியே இருவரும் சேர்ந்து, வெட்டுகிற காஸ்9 புரதத்துக்கு நாம் விரும்புகிற எந்த வரிசையையும் காட்டி அங்கே வெட்ட வைக்கலாம் என்று நிறுவினார்கள். 2020-இல் இருவருக்கும் வேதியியல் நோபல்.

காஸ்9 புரதத்தோடு ஒரு சின்ன ஆர்.என்.ஏ., அதாவது டி.என்.ஏ. மாதிரியே எழுத்து வரிசை கொண்ட இன்னொரு மூலக்கூறு, சேர்ந்து போகும், அதில் 20 எழுத்து அளவுக்கு ஒரு முகவரி இருக்கும். சென்னையில் காந்தி தெரு என்று மட்டும் சொல்லி ஆட்டோ ஏறினால் எங்கே போய் நிற்போம் என்று தெரியாது, ஏரியா, குறுக்குத் தெரு, பழைய எண், புதிய எண் எல்லாம் சொல்லியும் சில சமயம் அதே மாதிரி இன்னொரு வாசலில் போய் மணி அடிப்போம். இங்கேயும் அப்படித்தான், 300 கோடி எழுத்துக்குள் நாம் கொடுத்த முகவரியிலிருந்து ஒன்றிரண்டு எழுத்து மட்டும் மாறிய இடங்கள் இருக்கும், அங்கேயும் வெட்டு விழலாம். வெட்டிய பிறகு நடப்பதும் முழுக்க நம் கையில் இல்லை. செல் தானே அந்த வெட்டை ஒட்டிக்கொள்ளும், ஒட்டும்போது சில எழுத்து விடுபடும், சில கூடும், அந்த ஜீன் வேலை செய்யாமல் போகும். ஒரு ஜீனை நிறுத்த வேண்டும் என்றால் அதுவே போதும். எழுத்தைச் சரியாக மாற்றி எழுத வேண்டும் என்றால் இன்னும் கவனம் தேவை. 2016-இல் டேவிட் லியூவின் குழு டி.என்.ஏ.வின் இரண்டு இழையையும் வெட்டாமலே ஒரு எழுத்தை மட்டும் மாற்றும் முறையைக் கொண்டுவந்தது. 2025-இல் பிலடெல்பியாவில், உடம்பில் சேரும் அம்மோனியாவைக் கல்லீரலால் நீக்க முடியாத அரிய நோயோடு பிறந்த ஒரு கைக்குழந்தைக்கு, அந்த ஒரு குழந்தைக்காகவே இந்த முறையில் மருந்து தயாரித்துக் கொடுத்தார்கள். சுமார் 6 மாதத்தில் தயாரித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது.

இங்கே ஒரு கோடு போட வேண்டும். இந்தத் துறையில் இருக்கிற எல்லாக் கோடுகளிலும் முக்கியமானது இதுதான். பிறந்து வளர்ந்த ஒருவரின் கல்லீரல் செல்லையோ ரத்த செல்லையோ திருத்தினால் அந்தத் திருத்தம் அவரோடு முடிந்துவிடும். கருமுட்டை, விந்தணு, அல்லது கருவாகி ஓரிரு நாளே ஆன நிலையில் திருத்தினால் அது உடம்பு முழுக்கப் போகும், அந்தக் குழந்தையின் பிள்ளைகளுக்கும் போகும், பேரன் பேத்திக்கும் போகும். முதல் வகையில் சம்மதம் கேட்க ஒரு ஆள் இருக்கிறார், குழந்தையாக இருந்தாலும் பெற்றோர் இருக்கிறார்கள், தவறினாலும் பாதிப்பு அவரோடு நிற்கும். இரண்டாவதில் சம்மதிக்க வேண்டிய ஆட்கள் இன்னும் பிறக்கவே இல்லை.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் அரிவாள் செல் சோகை. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்கிற ஜீனில் ஒரே ஒரு எழுத்து, ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி. இரண்டு பிரதியிலும் அப்படி இருந்தால் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து சிறு ரத்தக் குழாய்களில் மாட்டிக்கொள்ளும், தாங்க முடியாத வலி வரும், சிறுகச் சிறுக உறுப்புகள் கெடும். இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலாகப் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல். கூடலூர்ப் பக்கத்தில் ஆதிவாசி மருத்துவமனை பல வருடங்களாக இந்த நோயாளிகளைப் பார்த்துவருகிறது. வேறு வழி இருக்கிறதா என்றால், பாதி இருக்கிறது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை வலியைக் குறைக்கும், ரத்தம் ஏற்றலாம். முழுசாகக் குணமாக எலும்பு மஜ்ஜை மாற்று செய்யலாம், ஆனால் பொருந்துகிற அண்ணனோ தங்கையோ கிடைக்க வேண்டும், பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பதில்லை.

2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற கேஸ்ஜெவி என்ற சிகிச்சை இதற்காக வந்ததுதான், கிரிஸ்பரில் செய்து அனுமதி பெற்ற முதல் மருந்து. அவர்கள் அந்தத் தப்பான எழுத்தைத் தொடவே இல்லை. வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் இருக்கும், பிறந்த சில மாதத்தில் உடம்பு அதைச் செய்வதை நிறுத்திவிடும். நிறுத்தச் சொல்வது பி.சி.எல்.11ஏ என்ற ஒரு ஜீன். ரத்த செல்லில் மட்டும் அந்த ஜீனின் வேலையைக் குறைத்துவிட்டால் கருவில் இருந்தபோது இருந்த ஹீமோகுளோபின் திரும்ப வந்துவிடும், அரிவாள் வளைவு அடங்கிவிடும். நோயாளியின் மஜ்ஜையில் ரத்த செல்களை உருவாக்குகிற ஸ்டெம் செல்லை எடுத்து, வெளியே ஆய்வகத்தில் வைத்துத் திருத்தி, கடுமையான கீமோ கொடுத்துப் பழைய மஜ்ஜையைக் காலி செய்து, திருத்தியதைத் திரும்ப ஏற்றுகிறார்கள். சோதனையில் மதிப்பிடப்பட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரு வருடமாவது கடுமையான வலி நெருக்கடி வரவில்லை. கீமோவால் பிள்ளை பெறும் திறன் போகலாம் என்ற ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது.

வேலூர் சி.எம்.சி.யில் நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்களுக்கே இது அவ்வளவாகத் தெரியவில்லை. ஹீமோபிலியா ஏ, அதாவது ரத்தம் உறையாத நோய், கடுமையாக இருந்த 5 பேருக்கு அவர்களுடைய ஸ்டெம் செல்லிலேயே உறைவுக் காரணி எட்டுக்கான ஜீனைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வெளியானது, சிகிச்சைக்குப் பிறகு ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை. இது கிரிஸ்பர் திருத்தம் இல்லை, வைரஸ் மூலம் ஜீனைச் சேர்க்கிற முறை. ஆனால் இங்கே, நம் டாக்டர்கள் கையில், நம் நோயாளிகளுக்கு நடந்தது.

இந்தப் பாதை சுகமாக வந்ததில்லை. 1999-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சோதனை ஒன்றில் 18 வயது இளைஞர் ஒருவர் ஜீன் ஏந்திய வைரஸ் செலுத்திய நான்காம் நாள் இறந்துபோனார். தன் நோயை மாத்திரையாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் ஓரளவு சமாளித்துக்கொண்டிருந்த பையன் அவர். முன்னால் குரங்குகளுக்கு நடந்த சோதனையில் சில குரங்குகள் செத்தது சம்மதப் படிவத்தில் இல்லை, ஆய்வின் தலைவருக்கு இதே துறையில் ஒரு நிறுவனத்தில் பங்கும் இருந்தது. அப்புறம் பாரிஸிலும் லண்டனிலும் நோய் எதிர்ப்பே இல்லாமல் பிறந்த 20 குழந்தைகளுக்குச் செய்த ஜீன் சிகிச்சையில், எதிர்ப்பு சக்தி வந்தது, ஆனால் 5 பேருக்கு ரத்தப் புற்றுநோயும் வந்தது. சேர்த்த ஜீன் போய் உட்கார்ந்த இடம் அப்படி. முதலாவதை நினைத்தால் கோபம் வருகிறது, இரண்டாவதில் அந்தக் கோபம் வருவதில்லை. அந்தக் குழந்தைகளில் பலருக்கு உயிர் பிழைக்க வேறு நல்ல வழியே இல்லை. அந்த இளைஞருக்கு இருந்தது.

சரி, கருவுக்கு வருவோம். தம்பி முறையில் எனக்கு ஒருவன் இருக்கிறான், அத்தை மகளைக் கட்டியவன், இரண்டு பேருக்கும் தலசீமியா என்ற ரத்த நோய்க்கான ஜீனில் ஒரு பிரதி பழுது என்று பரிசோதனையில் தெரிந்தது. ஒரு பிரதி பழுதானால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது, இருவரும் அப்படி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு, நோயோடு பிறக்க. "அண்ணா, கரு உருவாகும்போதே அந்த ஜீனைச் சரி பண்ணிட முடியாதா? இப்பதான் எல்லாம் வந்திருச்சே" என்று கேட்டான். நியாயமான கேள்வி, இந்த மாநிலத்தில் நிறைய பேர் கேட்க வேண்டிய கேள்வி. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 28 சதவீதம் பெண்களின் கல்யாணம் சொந்தத்துக்குள் நடந்திருக்கிறது. சொந்தத்தில் கட்டினால் ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்கிற வாய்ப்பு கூடும், அவ்வளவுதான், இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நான் சொன்ன பதில், திருத்தவே வேண்டாம் என்பதுதான். நான்கில் ஒன்று பாதிக்கப்படும் என்றால் நான்கில் மூன்று பாதிக்கப்படாது. ஐ.வி.எஃப். முறையில் ஐந்தாறு கரு உருவானால், ஐந்தாம் நாள் வாக்கில் ஒவ்வொன்றிலிருந்தும் சில செல் எடுத்துப் பார்த்து, நோய் இல்லாததை வைக்கலாம், சென்னையிலேயே செய்கிறார்கள். இல்லையா, இயல்பாகக் கருத்தரித்துப் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் நஞ்சுத்திசுப் பரிசோதனை செய்து பார்க்கலாம். இரண்டுமே மனசுக்கும் பணத்துக்கும் லேசானது இல்லை, தெரியும். ஆனால் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் ஆரோக்கியமான குழந்தை கிடைக்கிறது. இருவருமே முழு நோயாளிகளாக இருக்கிற தம்பதிக்கு இந்த வழி உதவாது, எல்லாக் கருவும் பாதிக்கப்பட்டே இருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். அது மிக அரிது. அந்த அரிதான ஒரு சில பேருக்காக மொத்தக் கதவையும் இப்போதே திறப்பது சரியில்லை என்பது என் கருத்து.

மருத்துவமாக இல்லாமல் ஆய்வாகவே பார்த்தாலும் கருவைத் திருத்துவது எவ்வளவு கரடுமுரடானது என்பதற்கு மதுரையில் ஆரம்பிக்கிற ஒரு கதை இருக்கிறது. இதயத் தசையின் புரதம் ஒன்றைச் செய்யும் எம்.ஒய்.பி.பி.சி.3 ஜீனில் 25 எழுத்து விடுபட்டிருப்பதை மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பெருந்துறை தண்டபாணியும், ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜும் மற்றவர்களும் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேரிடம் அது இருக்கிறது, நடுவயதுக்கு மேல் இதயம் பலவீனமாகும் ஆபத்தைக் கூட்டுகிறது. இதே ஜீனில் வேறொரு பழுதைத்தான் 2017-இல் அமெரிக்காவின் ஓரிகனில் ஷௌக்ரத் மிட்டாலிபோவ் குழு மனிதக் கருக்களில் கிரிஸ்பரால் திருத்தியதாக அறிவித்தது. உலகமே பரபரத்தது. அந்தக் கருக்கள் ஆய்வுக்கு மட்டும், யார் வயிற்றிலும் வைக்கவில்லை. ஆனால் மற்ற விஞ்ஞானிகள் சந்தேகம் எழுப்பினார்கள், திருத்தம் நடந்ததா அல்லது அந்தப் பகுதியே காணாமல் போனதால் பழுது இல்லை என்று பரிசோதனை காட்டுகிறதா என்று. 2020-இல் டீட்டர் எக்லி குழு, வேறொரு ஜீனில் வெட்டிப் பார்த்தபோது, கருக்களில் பல நேரம் அந்தக் குரோமோசோமின் பெரும் பகுதியோ முழு குரோமோசோமோ தொலைந்துபோவதைக் கண்டது. வளர்ந்தவரின் மஜ்ஜையில் ஒரு செல் இப்படிக் கெட்டால் அது செத்துப்போகும், மற்றவை இருக்கின்றன. ஒன்றிரண்டு செல்லாக இருக்கிற கருவில் அந்த ஒரு செல்தான் முழு மனிதனே.

இவ்வளவு தெரியவரும் முன்பே, 2018 நவம்பரில், சீனாவின் ஷென்செனில் ஹெ ஜியான்குய் தன் வேலையை முடித்துவிட்டிருந்தார். ஜீன் திருத்திய கருவிலிருந்து இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். அப்பாவுக்கு எச்.ஐ.வி., அம்மாவுக்கு இல்லை. எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 ஜீனைக் கெடுத்துவிட்டால் குழந்தைகளுக்கு வராது என்பது கணக்கு. இயற்கையில் சிலரிடம் இருக்கிற 32 எழுத்து விடுபட்ட வடிவம்கூட அந்தக் குழந்தைகளிடம் உருவாகவில்லை, புதுசாக ஏதோ ஒரு வடிவம், உடம்பின் எல்லா செல்லிலும் ஒரே மாதிரியும் இல்லை. சி.சி.ஆர்.5 இல்லாதவர்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் வந்தால் நோய் கடுமையாகும் என்றும் முன்பே தெரியும். ஒரு ஜீனுக்கு ஒரு வேலைதான் என்று நாம் நினைக்கும் இடத்திலெல்லாம் இப்படி ஒன்று வந்து நிற்கிறது. அரிவாள் செல் ஜீனும் அப்படித்தான், ஒரு பிரதி மட்டும் இருந்தால் மலேரியாவிலிருந்து காப்பாற்றும், காட்டுப் பகுதிகளில் அது இத்தனை தலைமுறையாக நிலைத்திருப்பதற்குக் காரணமே அதுதான்.

இந்த விஷயத்தில் சென்னைக்காரர்களாகிய நமக்குத் தனியாக ஒரு கருத்து சொல்லும் உரிமை உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல் இந்த ஊரில்தான், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில். அன்று முதல் இந்த நோயோடு வாழ்கிறவர்களையும் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் இந்த நகரம் பார்த்துவருகிறது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து மனைவிக்குத் தொற்றாது. விந்தணுவைக் கழுவிப் பிரித்து ஐ.வி.எஃப். செய்யும் முறையும் இருக்கிறது, ஷென்செனிலேயே அதைச் செய்தார்கள், பிறகு எதற்குத் திருத்தினார்கள்? பாதுகாப்பாக நிறைவேறிய ஒரு காரியத்துக்கு மேல், கேட்பாரில்லாத இரண்டு குழந்தைகளின் உடம்பில் ஒரு சோதனை. ஹெ ஜியான்குய்க்கு 2019 டிசம்பரில் 3 வருடச் சிறை, 30 லட்சம் யுவான் அபராதம். அந்தக் குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுக்க.

நோயைத் தாண்டி அழகு, உயரம், புத்தி என்று போனால் என்ன ஆகும் என்பதுதான் பலரும் முதலில் கேட்பது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் உடனே ஒன்றும் ஆகாது. 2022-இல் 54 லட்சம் பேரின் தகவலை வைத்து நடந்த ஆய்வில் உயரத்தோடு மட்டும் தொடர்புள்ள இடங்கள் 12,000-க்கும் மேல் என்று தெரிந்தது. ஒவ்வொன்றும் துளியூண்டு. அத்தனையையும் போய்த் திருத்த முடியாது. புத்தி அதைவிடச் சிக்கல், அதில் வளர்ப்பும் சாப்பாடும் பள்ளியும் கலந்திருக்கின்றன.

ஆனால் ஆசை இருக்கிறது, அதுதான் என் கவலை. பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்று மாசமான பெண்ணுக்குக் குங்குமப்பூ வாங்கிக் கொடுக்கிற ஊர் இது. அதற்கு நிறம் மாறாது என்று தெரிந்தவர்களும் வாங்குகிறார்கள். கல்யாண விளம்பரத்தில் நிறம் கேட்பது இன்னும் நிற்கவில்லை. இந்த ஆசை ஒரு கருவியைச் சந்தித்தால் என்ன ஆகும் என்று நாம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டோம். 1970-களில் பனிக்குட நீர்ப் பரிசோதனை இந்தியாவுக்கு வந்தது கருவில் இருக்கும் மரபுக் குறைபாட்டைக் கண்டுபிடிக்கத்தான். கொஞ்ச காலத்திலேயே அது பெண் கருவைக் கண்டுபிடித்து அழிக்கிற கருவியாகிப் போனது, பிறகு ஸ்கேன் வந்து அதை மலிவாக்கியது. உசிலம்பட்டியிலும் சேலத்திலும் பெண் சிசுக்களுக்கு நடந்ததும், 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டி வந்ததும் இதே காலத்துக் கதை. 1994-இல் பாலினத் தேர்வுக்கு எதிராகச் சட்டம் வந்தும் இன்றுவரை ஸ்கேன் சென்டர்களில் சோதனை நடத்தி சீல் வைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே "நல்ல நோக்கத்துக்கு மட்டும்தான் பயன்படும்" என்று யாராவது சொன்னால், இந்த மாநிலத்தில் பெண்ணாய்ப் பிறந்த எவருக்கும் அதை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. இப்போது அமெரிக்காவில் சில நிறுவனங்கள் ஐ.வி.எஃப். கருக்களுக்கு நோய் ஆபத்து, உயரம் என்று மதிப்பெண் போட்டுக் கொடுக்கும் சேவையை விற்கத் தொடங்கிவிட்டன. இங்கே வர ரொம்ப நாளாகாது.

பயிர் பற்றி ஒரு வார்த்தை, வெளி ஜீனைச் சேர்ப்பதையும் சொந்த ஜீனைத் திருத்துவதையும் நிறைய பேர் குழப்பிக்கொள்வதால். 2002-இல் வந்த பி.டி. பருத்தியில் இருப்பது ஒரு பாக்டீரியாவின் ஜீன். தரமணியில் இருக்கிற எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அலையாத்தி மரத்தின் ஜீனைச் சேர்த்து உப்பைத் தாங்கும் நெல்லை உருவாக்கிப் பார்த்தது, அதுவும் அந்த வகை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த இரண்டு நெல்லும், பூசா டி.எஸ்.டி.யும் சம்பா மசூரியிலிருந்து வந்த கமலாவும், வேறு வகை, வெளி ஜீன் எதுவும் இல்லாமல் நெல்லின் சொந்த ஜீனைத் திருத்தியது. அந்தச் சோறு உடம்புக்குக் கேடு என்று நான் நினைக்கவில்லை. விதை யாருடையது, கிரிஸ்பரின் காப்புரிமைக்கு யாருக்குக் காசு போகும் என்பதுதான் அங்கே கேள்வி. உப்பு நிலத்துக்கு வேதாரண்யம் பக்கம் களர்பாலை, குழியடிச்சான் என்று நெல் வைத்திருந்த விவசாயியிடம் போய் இதற்கு வேறு வழி இல்லை என்று சொல்லவும் முடியாது.

திரும்பவும் நோய்க்கு வருகிறேன், பணம் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. கேஸ்ஜெவியின் விலை அமெரிக்காவில் 22 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் 18 கோடி ரூபாய்க்கு மேல். கூடலூரில் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிற பணியர் பழங்குடிக் குடும்பத்துக்கு அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. உலகத்தில் இந்த நோய் அதிகம் இருப்பது ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும், சிகிச்சை கிடைப்பது லண்டனிலும் நியூயார்க்கிலும். வேறு வழி இல்லாதவருக்கு வழி கண்டுபிடித்துவிட்டு அதை அவர் தொட முடியாத உயரத்தில் வைப்பது, கருவைத் திருத்துவதைவிட எந்த விதத்திலும் சின்ன அறப்பிழை இல்லை.

விலை இறங்காது என்றில்லை. ஈஸ்டில் செய்யும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வெளிநாட்டிலிருந்து மட்டும் வந்த காலத்தில் சாதாரண மக்களுக்கு எட்டாத விலை. 1997-இல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே செய்து அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கொடுத்தது, இன்று அது அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசம். ரத்தப் புற்றுநோய்க்கு ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கி 2023-இல் அனுமதி பெற்ற கார்-டி செல் சிகிச்சை, அதாவது நோயாளியின் எதிர்ப்பு செல்லையே ஜீன் மாற்றிப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் முறை, வெளிநாட்டு விலையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான், அப்போதும் பல லட்சம் என்பது வேறு. அரிவாள் செல்லுக்கு டெல்லியின் சி.எஸ்.ஐ.ஆர்.-ஐ.ஜி.ஐ.பி. நிறுவனம், தவறான இடத்தில் வெட்டுவது குறைவாக இருக்கிற வேறொரு காஸ்9 புரதத்தை வைத்துத் தயாரித்த சிகிச்சை, பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயரில் பிர்சா 101 என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. உற்பத்திக்காக சீரம் இன்ஸ்டிடியூட்டுக்குத் தொழில்நுட்பம் கைமாறியிருக்கிறது. நான் இதற்காக மனதார வேண்டிக்கொள்கிறேன். கூடவே சம்மதப் படிவம் இருளருக்கும் பணியருக்கும் அவர்கள் பேசுகிற மொழியில், அவர்களில் ஒருவரே உட்கார்ந்து விளக்க, "வேண்டாம் என்றால் உன் வழக்கமான மாத்திரை நிற்காது" என்ற உறுதியோடு இருக்க வேண்டும். 1999-இல் அந்த இளைஞருக்குச் சொல்லப்படாதது எதுவும் இங்கே சொல்லப்படாமல் போகக் கூடாது.

சட்டத்தில் நாம் எங்கே நிற்கிறோம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2019-இல் வெளியிட்ட ஜீன் சிகிச்சை வழிகாட்டுதல்கள், அடுத்த தலைமுறைக்குப் போகிற திருத்தத்தை இந்தியாவில் தடை செய்கின்றன. 2021-இன் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் கருவைப் பரிசோதிப்பதை, ஏற்கெனவே அறியப்பட்ட பரம்பரை நோய்களுக்கு மட்டும் அனுமதிக்கிறது. உயரமும் நிறமும் மதிப்பெண்ணும் அதில் வராது. ஆனால் கருவைத் திருத்துவதற்கு இருப்பது வழிகாட்டுதல்தான், அதற்கென்று நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இல்லை. சீனாவில்கூட அந்த விஞ்ஞானியைச் சட்டவிரோத மருத்துவம் பார்த்தார் என்ற பொதுப் பிரிவில்தான் தண்டிக்க முடிந்தது. இந்த நகரத்தில் மட்டும் எத்தனை கருத்தரிப்பு மையங்கள், தெருவுக்கு ஒரு போர்டு. அவற்றில் பெரும்பாலானவை ஒழுங்காக நடக்கின்றன, பிள்ளை இல்லாத எத்தனையோ பேருக்கு வாழ்க்கை கொடுத்திருக்கின்றன. ஆனாலும் பாலினத் தேர்வுக்கு எதிரான சட்டம் வரப் பனிக்குடப் பரிசோதனை வந்து கிட்டத்தட்ட இருபது வருடம் ஆனது, அந்த இருபது வருடத்தில் பிறக்காமல் போன பெண்கள் யாரும் திரும்பி வரவில்லை. கருவைத் திருத்துவதற்கு எதிரான சட்டத்தை, தண்டனைப் பிரிவோடு, யாரும் செய்து பார்ப்பதற்கு முன்னால் இயற்ற வேண்டும். நம் தொகுதி எம்.பி.யிடம் இதைக் கேட்கலாம், இதுவரை யாரும் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.